சின்னத் தறிப் பேட்டையில் ஒரு பந்தயம்

அய்யா முதலி தெருவில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று கொஞ்சம் காதைத் தீட்டிக் கொண்டால் போதும், கடிகாரம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. விடியற்காலையில் மீன் மார்க்கெட்டின் அமளி கேட்கும். அப்புறம் பறக்கும் ரயிலின் கடகடப்பு. பிறகு நாளெல்லாம் மவுண்ட் ரோடின் இரைச்சல். இவை எல்லாம் எனக்குப் பழகிப் போன சங்கீதங்கள். ஆனால் 2024-ம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு கேட்ட சப்தம் அந்த ஜாதியைச் சேர்ந்ததல்ல. ஆயிரம் கோடித் துணிகளை ஒரே சமயத்தில் ஆயிரம் பேர் நின்று கிழித்தால் எப்படியிருக்கும்? அப்படியிருந்தது.

சப்தம் தீவுத்திடல் பக்கத்திலிருந்து வந்தது. ‘பார்முலா 4’ என்னும் ஜாதி மோட்டார்கள் அங்கே பந்தயம் ஓடிக் கொண்டிருந்தன. 2023 டிசம்பரிலேயே ஓட வேண்டியவை. மிக்ஜாம் புயல் வந்து சென்னையை முழங்கால் தண்ணீரில் நிறுத்தி விட்டதால் தள்ளிப் போயிற்று. வழக்கு உயர் நீதிமன்றம் வரையில் போய்த் திரும்பி வந்தது. கடைசியில் திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோ மீட்டர் சாலையை வளைத்து, பத்தொன்பது திருப்பங்கள் வைத்து, ராத்திரியைப் பகலாக்கும் விளக்குகள் போட்டு ஓட்டி விட்டார்கள். நான் பென்ஷன் வாங்கப் போகிற சாலையில், பஸ் ஒன்று நத்தை போல் ஊர்ந்து போவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறேனே, அதே சாலையில்!

என் பேரன் சஞ்சய் என் பக்கத்தில் நின்று, காதால் நிஜப் பந்தயத்தையும் கண்ணால் கைப்போனில் அதன் படத்தையும் அனுபவித்துக் கொண்டிருந்தான். அரை மணி கழித்துப் போனை மடித்து வைத்தான்.

“எப்படிடா இருக்கு?” என்றேன்.

“பரவாயில்லை தாத்தா. ஆனா கேம் மாதிரி இல்லே” என்றான்.

நிஜம் நிழலைப் போல் இல்லை என்று குறை சொல்கிற தலைமுறை! நான் சிரித்து விட்டேன். ஆனால் அந்த வார்த்தை மனத்தில் ஒட்டிக் கொண்டது. பத்து மாதம் கழித்து, 2025 ஜூலை மாதத்தில், அவன் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் என் சாய்வு நாற்காலிக்கு அருகில் வந்து நின்ற போதுதான் அது மறுபடியும் தலை தூக்கிற்று.

“தாத்தா, ஒரு மனு எழுதித் தரணும்.”

இந்தத் தெருவில் மனு என்றால் என்னிடம்தான் வருவார்கள். குழாயில் தண்ணீர் வராத மனுவிலிருந்து கோயில் திருப்பணி மனு வரையில் நாற்பது வருஷமாக எழுதியிருக்கிறேன். நாவல்கள் எழுதிச் சம்பாதித்த புகழைவிட அதில் எனக்குக் கிடைத்த புகழ் அதிகம். ஆனால் இது வேறு மாதிரி மனு. ஒரு வெளிதேசத்துக் கம்பெனி தெருப் பந்தய வீடியோ கேம் ஒன்றைப் புதிதாகத் தயாரிக்கிறதாம். அது எப்படியிருக்க வேண்டும் என்று இவனும் இவன் சிநேகிதர்களும் சேர்ந்து எழுதி அனுப்பப் போகிறார்களாம். தமிழில் நான் எழுதினால் ஒரு பையன் இங்கிலீஷ் பண்ணி விடுவானாம்.

“மனுவில் காரணம் சொல்ல வேண்டும்டா. ‘இது வேண்டும், அது வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் குப்பைத் தொட்டிக்குப் போகும்” என்றேன். அதனால், இந்தச் சமாசாரத்தின் பூர்வோத்தரத்தை விசாரிக்க வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. விசாரித்ததில் எனக்குத் தெரிந்தவற்றையும், விசாரிக்காமலே தெரிந்திருந்த சிலவற்றையும் இங்கே சொல்கிறேன்.

சென்னைக்காரர்களுக்கு மோட்டார்ப் பந்தயப் பைத்தியம் புதிதல்ல. 1953-ல் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஏற்பட்டது. யுத்த காலத்தில் விமானம் இறங்குவதற்காகச் சோழவரத்தில் போட்டிருந்த பாதை சும்மாக் கிடந்தது. அதில் பந்தயம் நடத்தினார்கள். வாலிபத்தில் என் மாமா ஒருவர் என்னை அங்கே அழைத்துப் போயிருக்கிறார். மூலைகளில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். வெயில், புழுதி, பெட்ரோல் வாசனை. எதிரே ஏதோ ஒன்று ‘விர்’ரென்று போகும், என்ன போயிற்று என்று பார்ப்பதற்குள் அடுத்தது போய் விடும். சாயங்காலம் வீடு திரும்பிய போது மூக்கில் புழுதியும், மனத்தில் ஒரே ஓர் எண்ணமுமாகத் திரும்பினேன்: ‘நான் ஓட்டினால் எப்படியிருக்கும்?’ 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ஓடுதளம் வந்தது. 2005-ல் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயனும், 2010-ல் சென்னைப் பிள்ளை கருண் சந்தோக்கும் பார்முலா 1 வரையில் போய் விட்டார்கள். ஆனால் பார்த்துக் கொண்டிருந்த லட்சம் பேரில் ஓட்டக் கிடைப்பது ஓரிருவருக்குத்தானே? மற்றவர்கள் மனத்தில் அந்தக் கேள்வி அப்படியே தங்கி விடுகிறது. வீடியோ கேம் என்பது அந்தக் கேள்விக்குக் கொடுக்கப்பட்ட பதில் என்று நான் அபிப்பிராயப்படுகிறேன்.

பதிலை முதலில் சொன்னவர்கள் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்தார்கள். இரண்டு தேசத்திலும் 1974-ம் வருஷமே. அட்டாரிக் கம்பெனி ‘கிரான் டிராக் 10’ என்ற யந்திரத்தில் ஸ்டியரிங்கையும் கியரையும் மிதிகட்டைகளையும் வைத்தது. ஜப்பானில் டைட்டோக் கம்பெனி ‘ஸ்பீட் ரேஸ்’ கொண்டு வந்தது. 1976-ல் வந்த ‘நைட் டிரைவர்’தான் எனக்கு ரொம்பவும் பிடித்த தந்திரம். சாலையைப் படமாக வரைய அந்தக் காலத்து யந்திரத்துக்குச் சக்தி கிடையாது. என்ன செய்தார்கள்? இரவு என்று சொல்லி விட்டார்கள்! கறுப்புத் திரை, இரண்டு பக்கமும் சாலையோரத்து வெள்ளைக் குச்சிகள் மட்டும் விரிந்து விரிந்து பின்னால் ஓடும். சாலையை ஆடுகிறவனே மனத்தில் போட்டுக் கொள்ள வேண்டியது. கதை எழுதுகிறவர்களும் இதே தொழிலைத்தான் செய்கிறோம் என்பதால் அதன்மேல் எனக்கு ஒரு தனி மரியாதை.

‘ஆர்கேட்’ ஆட்டம் என்று ஏன் பெயர் வந்தது என்று சஞ்சய்க்குத் தெரியவில்லை. அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்! 1980-களின் கடைசியில் ஒரு தை மாதம், இதே தீவுத்திடலில் நடந்த பொருட்காட்சிக்கு அவன் தகப்பன் மூர்த்தியைக் கையைப் பிடித்து அழைத்துப் போயிருந்தேன். மிளகாய் பஜ்ஜி, டெல்லி அப்பளம், ராட்டினம். மரணக் கிணற்றின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தோம்; மரச் சுவரில் ஒருவன் மோட்டார் சைக்கிளில் சுற்றிச் சுற்றி மேலே வந்து, நாங்கள் நீட்டிய ரூபாய் நோட்டைப் பிடுங்கிக் கொண்டு கீழே போனான். மூர்த்தி அழவில்லை, “அப்பா, நானும்” என்றான். அவனைச் சமாதானப்படுத்தப் பக்கத்துக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். அங்கே இருட்டில் ஒரு பெட்டி. காசு போட்டால் சாலை ஓடிற்று. மூன்று நிமிஷத்தில் ‘ஆட்டம் முடிந்தது’ என்று அணைந்து விட்டது. இன்னொரு காசு. இன்னும் மூன்று நிமிஷம். அன்றைக்கு எங்களுக்கு வீடு திரும்ப பஸ் சார்ஜ் மிஞ்சவில்லை. நல்ல வேளை, வீடு நடக்கிற தூரம்தான்.

காசுப் பெட்டிகளை வரிசையாக வைத்திருக்கும் கூடத்துக்குத்தான் மேல்நாட்டில் ஆர்கேட் என்று பெயர். பெட்டிக்காரனுடைய கணக்கு என்ன? ஒருவனே ஒரு காசில் அரை நாள் உட்கார்ந்து விடக் கூடாது. அதே சமயம், உட்கார்ந்தவுடனே தோற்றுப் போய்க் கோபித்துக் கொண்டு எழுந்து விடவும் கூடாது. ஆகையால் மோதினால் கார் நொறுங்காது. உருண்டு எழுந்து மறுபடி ஓடும். ஆனால் தலைக்கு மேல் ஒரு கடிகாரம் குறைந்து கொண்டே வரும். குறிப்பிட்ட இடத்தைத் தாண்டினால் சில விநாடிகள் தானம் கிடைக்கும். திருப்பத்தில் பிரேக்கைத் தொட்டால் வண்டி பக்கவாட்டில் வழுக்கிக் கொண்டு அழகாகத் திரும்பும். நிஜத்தில் அப்படித் திருப்பினால் ஜெனரல் ஆஸ்பத்திரிதான். இன்று ரசிகர்கள் ‘ஆர்கேட் சுகம்’ என்று கண்ணை மூடிக் கொண்டு வர்ணிக்கிறார்களே, அவ்வளவும் ஒரு கடைக்காரனுடைய வரவு செலவுக் கணக்கிலிருந்து பிறந்தவை. நிஜக் காரைப் போலவே டயர் தேய்ந்து பெட்ரோல் தீர்ந்து ஓடும் ஆட்டங்களும் தனியே இருக்கின்றன. அவற்றின் பக்தர்கள் வேறு கோஷ்டி. வடகலை தென்கலை வழக்கு மாதிரி இவர்கள் இரண்டு பேரும் ஒருநாளும் ஒத்துப் போக மாட்டார்கள்.

1986-ல் ஸேகா கம்பெனியின் யூ ஸுஸுகி ‘அவுட் ரன்’ செய்தார். சாலை அங்கங்கே இரண்டாகப் பிரியும். எந்தப் பக்கம் போவது என்பது ஆடுகிறவன் இஷ்டம். ஓட்டுவதற்கு முன்னால் என்ன பாட்டு வேண்டும் என்று ரேடியோவில் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். பந்தயத்தைவிடப் பிரயாணம்தான் அதில் முக்கியம். ‘ரிட்ஜ் ரேஸர்’, ‘டேடோனா’ எல்லாம் அதற்கப்புறம் 1990-களில் வந்த பெரிய பெட்டிகள். பிறகு பெட்டி வீட்டுக்குள் வந்து விட்டது.

எங்கள் வீட்டுக்குள் அது ரிட்சித் தெரு வழியாக வந்தது. ரேடியோ வால்வுகள் விற்ற தெரு, டெலிவிஷன் சாமான் விற்று, கம்ப்யூட்டர் விற்கும் தெருவாக மாறிய காலம் அது. மூர்த்தி காலேஜில் சேர்ந்ததும் அங்கே போய்க் கம்ப்யூட்டர் பாகங்களைத் தனித்தனியாகப் பேரம் பேசி வாங்கினோம். கூடவே நடைபாதையில் வெள்ளை உறையில் போட்ட தட்டுகள் சிலவும் வாங்கினோம். அவை எந்த வழியில் வந்தவை என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அதில் ‘ரோட் ராஷ்’ இருந்தது. மோட்டார் சைக்கிளில் போகும்போதே பக்கத்தில் வருகிறவனைக் குத்தலாம், உதைக்கலாம், சங்கிலியால் விளாசலாம். சென்னையில் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறவன் ஒவ்வொருவனும் என்றாவது செய்ய ஆசைப்பட்ட காரியம்தானே? இந்தியா பூராவும் அது பிரபலமானதில் எனக்கு ஆச்சரியமில்லை. இன்னொரு தட்டில் ‘நீட் ஃபார் ஸ்பீட்’ மூன்றாம் பாகம், 1998-ல் வந்தது. அதில் போலீஸ் துரத்தும். திரையை இரண்டாக வகுத்து, ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடலாம். மேல் பாதி மூர்த்தி. கீழ்ப் பாதி நான். தோளோடு தோள் இடித்துக் கொண்டு, அவன் கையை நான் தட்டி விட்டு, என் கையை அவன் தட்டி விட்டு, இரவு பதினோரு மணிக்கு அவன் தாயார் வந்து மெயினை அணைக்கும் வரையில் ஆடியிருக்கிறோம். எந்த நாளும் நான் ஜயித்ததில்லை.

இனி மனுவுக்கு வருகிறேன். சஞ்சய் சொல்லச் சொல்ல எழுதினேன். ரப்பர் கயிறு கூடாது என்பது முதல் கோரிக்கை. எனக்குப் புரியவில்லை. விளக்கினான். நாம் எவ்வளவு வேகமாகப் போனாலும், பின்னால் வருகிற யந்திரக் கார்கள் ரப்பரில் கட்டி இழுத்தாற்போல் நம்மை எட்டிப் பிடித்து விடுமாம். நாம் பின்தங்கினால் அவையும் மெதுவாகப் போகுமாம். பந்தயம் கடைசி வரையில் விறுவிறுப்பாக இருப்பதற்காகச் செய்கிற ஏற்பாடு. “ஜெயிச்சா நான் ஜெயிக்கணும் தாத்தா, தோத்தா நான் தோக்கணும்” என்றான் பையன். நியாயமான மனு. அப்படியே எழுதினேன்.

இரண்டாவது, வண்டியைத் தன் இஷ்டத்துக்குப் பிரித்துப் பூட்ட வேண்டும். 2003-ல் ‘நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட்’ வந்ததிலிருந்து ரசிகர்கள் இதை விடுவதாக இல்லை. இதற்குக் காரணம் எழுத நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை. அங்கே ஒரு காரின் மூக்கு ஒரு கடையிலும், கதவு இன்னொரு கடையிலும், இன்ஜின் மூன்றாவது கடையிலும் தொங்குவதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு, கார் என்பது முழுசாக வாங்கி முழுசாக வைத்துக் கொள்ளும் வஸ்து அல்ல.

மூன்றாவது கோரிக்கையைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டான். சிந்தாதிரிப்பேட்டை வேண்டுமாம். டோக்கியோவின் மேம்பாலச் சாலைகளில் இரவில் ஓட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. எதிராளிக்குப் பின்னால் போய் முன்விளக்கை மின்னினால் சவால் விட்டதாக அர்த்தம். ஜென்கிக் கம்பெனி 1990-களிலிருந்து செய்து, நடுவில் பல வருஷம் நிறுத்தி வைத்து, ரசிகர்கள் கேட்டுக் கேட்டு 2025-ல் மறுபடியும் கொண்டு வந்தது. ஜப்பான் பையனுக்கு அவன் ஊர்ச் சாலை இருக்கிறது. நமக்கு ஏன் இருக்கக் கூடாது என்கிறான். ஆட்டோ ரிக்ஷாவும் வேண்டுமாம்.

இந்தப் பேட்டையின் பூர்வீகத்தை அவனுக்குச் சொன்னேன். 1734-ம் வருஷத்தில் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், சுங்குராமர் தோட்டம் இருந்த இடத்தில், கும்பினிக்குத் துணி நெய்து தருவதற்காக நெசவாளிகளைக் குடியேற்றினார்கள். சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை. நெசவாளித் தெரு என்றால் நேராக இருக்க வேண்டும். நீளமாகப் பாவு நீட்ட வேண்டுமல்லவா? “அப்போ நல்ல ஸ்ட்ரெயிட்டு!” என்று சஞ்சய் துள்ளினான். முந்நூறு வருஷத்துக்கு முன் தெருவுக்குக் கயிறு பிடித்தவர்கள் இவனுக்காகத்தான் பிடித்தார்கள் என்று அவனுக்கு நினைப்பு.

நான் பேனாவை மூடப் போனேன். “இன்னும் ஒண்ணு இருக்கு தாத்தா. அதுதான் முக்கியம்” என்றான். குரல் இறங்கியிருந்தது. “ஆட்டத்தை மூடக் கூடாது.”

இது என்ன கோரிக்கை என்றுதான் முதலில் எனக்குத் தோன்றிற்று. அப்புறம் விஷயம் வெளி வந்தது. 2014-ல் யுபிஸாஃப்ட் கம்பெனி ‘தி க்ரூ’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி அதற்குள் வைத்திருந்தது. தனியாக ஓட்டினாலும் கம்பெனியின் யந்திரத்தோடு தொடர்பு இருந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31-ந் தேதி அந்த யந்திரத்தை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவன் கையில் தட்டு இருக்கிறது, சாலை இல்லை. ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்கர் இதை எதிர்த்து ஓர் இயக்கமே ஆரம்பித்தார். ஐரோப்பாவில் அதற்கான மனுவுக்கு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையொப்பம் தாண்டி விட்டது. கம்பெனிக்காரர்கள் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு; ஆள் வராத கடையை எத்தனை நாள் விளக்குப் போட்டுத் திறந்து வைப்பது? ஆனால் கடையை மூடுகிறவன், விற்ற சாமானையும் வீடு புகுந்து எடுத்துப் போவதில்லை.

“உனக்கென்னடா? நீ அதை ஆடினதில்லையே?” என்றேன்.

“நானும் அப்பாவும் ஆடறதும் அதே மாதிரிதான் தாத்தா” என்றான்.

மூர்த்தி துபாயில் வேலையாயிருக்கிறான். ஆறு வருஷமாயிற்று. இங்கே இரவு பத்து மணியாகும்போது அங்கே எட்டரை. அவன் வேலை முடிந்து அறைக்கு வந்து குளித்து விட்டு உட்காருவான். இவன் இங்கே பாடம் முடித்து உட்காருவான். இரண்டு பேரும் ஏதோ ஒரு தேசத்துச் சாலையில் பக்கத்தில் பக்கத்தில் கார் ஓட்டிக் கொண்டு போவார்கள். நான் எத்தனையோ இரவு அந்தப் பக்கமாகப் போகும்போது, ‘படிக்கிற பையனைத் தகப்பனே கெடுக்கிறானே’ என்று முணுமுணுத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கேட்டேன், என்ன பேசிக் கொள்வீர்கள் என்று. பந்தயம் எப்போதாவதுதான் போடுவார்களாம். மற்ற நேரமெல்லாம் சும்மா ஓட்டிக் கொண்டே பேசுவார்களாம். பரீட்சையில் மார்க் குறைந்ததை, அம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததை, எல்லாவற்றையும். “போன்லே பேசினா அப்பா ‘சாப்டியா’ன்னு கேட்டுட்டு வெச்சிடுவார். ஓட்டிக்கிட்டே இருந்தா பேசிக்கிட்டே இருப்பார்” என்றான் சஞ்சய்.

நான் சிறிது நேரம் பேசவில்லை. ஒரே திரையை இரண்டாக வகுத்துக் கொண்டு ஆடிய நாளில் நானும் மூர்த்தியும் என்ன பேசினோம்? ஒன்றும் ஞாபகமில்லை. முழங்கை இடித்தது மட்டும் ஞாபகமிருக்கிறது. இப்போது வருகிற ஆட்டங்களில் பெரும்பாலும் அந்தத் திரை வகுக்கும் ஏற்பாடே இல்லையாம். ஒரே நொடியில் இரண்டு படம் வரைவது யந்திரத்துக்கு இரட்டை வேலை என்கிறார்கள். ஒரு தட்டில் இரண்டு பேர் ஆடினால் கம்பெனிக்கு ஒரு வியாபாரம் குறைகிறது என்பதும் எனக்குத் தெரியாமலில்லை.

கும்பினி நெசவாளிகளைக் கூப்பிட்டு வைத்துத் தெருப் போட்டுக் கொடுத்தது, பிறகு அந்த வியாபாரம் போயிற்று, தறிகள் போயின, கும்பினியே போயிற்று. ஆனால் தெரு இருக்கிறது. அதில்தான் நான் குடியிருக்கிறேன். இந்தக் காலத்துக் கம்பெனியோ தான் இருந்து கொண்டு தெருவை மட்டும் சுருட்டி எடுத்துக் கொண்டு போகிறது. இதை அப்படியே மனுவில் எழுதினேன். இங்கிலீஷ் பண்ணுகிற பையன் என்ன பாடுபடுவானோ தெரியாது. அதோடு, தகப்பனும் பிள்ளையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஆடவும் வழி செய்ய வேண்டும் என்று என் சொந்தக் கோரிக்கை ஒன்றையும் நடுவில் செருகினேன். மூர்த்தி லீவில் வருவான் அல்லவா?

எழுதி முடித்து உரக்கப் படித்துக் காட்டினேன். சஞ்சய் தலையை ஆட்டிக் கொண்டே கேட்டான். கடைசி வரிக்கு வந்ததும் பென்சிலைப் பிடுங்கி, கீழே கொட்டை எழுத்தில் ஏதோ எழுதினான். வாங்கிப் பார்த்தேன்.

‘ஆட்டோவுக்கு ஹார்ன் கட்டாயம்’ என்றிருந்தது.

“இது எதுக்குடா?” என்றேன்.

“ஹார்ன் இல்லாம சிந்தாதிரிப்பேட்டைலே எப்படித் தாத்தா ஓட்டறது?” என்றான். அதற்குள் உள்ளே அவன் போன் மணி அடித்தது. மணி பத்து. “அப்பா வந்துட்டார்!” என்று ஓடிப் போய் விட்டான்.